வைப்பரில் செருகிய சீட்டு

(சரசு அக்கா, ஓர் அலுவலகத்தின் அபராதப் பிரிவில் மனுக்களைப் படித்துப் படித்தே ஓய்வு பெற்றவர். கதிரேசன், பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மனிதர்தான், பேனாவைக் கையில் எடுக்காதவரை. இப்போது ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நிற்கிறார்.)

கதிரேசன்: அக்கா, இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் சொன்னால் போதும்.

சரசு: என்ன தம்பி இவ்வளவு கனம்? சொத்துப் பத்திரமா?

கதிரேசன்: பார்க்கிங் அபராதத்துக்கு மேல்முறையீடு அக்கா. வண்டியை நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பி வருகிறேன், வைப்பரில் ஒரு சீட்டு செருகியிருக்கிறது. அப்படியே கொதித்துப்போய்விட்டேன். அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன்.

சரசு: கொதித்தபோது எழுதியதா? சரி, கொடு. முதலில் அந்தச் சீட்டைக் காட்டு. மனுவைவிட அதுதான் முக்கியம்.

கதிரேசன்: அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டியிலேயே கிடக்கட்டும் என்று போட்டுவிட்டேன். நீங்கள் இதைப் படியுங்கள்.

சரசு: ஏன் ஜெராக்ஸ் தருகிறாய்?

கதிரேசன்: மூலம்... பத்திரமான இடத்தில் இருக்கிறது அக்கா.

(நல்ல பழக்கம் என்று அக்கா தலையாட்டுகிறார். கதிரேசன் ஜன்னல் பக்கம் பார்க்கிறார்.)

சரசு: (படிக்கிறார்) "மாட்சிமை பொருந்திய ஐயா அவர்களின் சமூகத்துக்கு. நீதி செத்துவிட்டதா?" இதை யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினாய்?

கதிரேசன்: பெரிய அதிகாரி.

சரசு: பெரிய அதிகாரி கையெழுத்துப் போடுவார். படிப்பது என்னைப் போல ஒருத்தி. அன்றைக்கு வந்த கட்டு அத்தனையும் அவள் மேசையில் இருக்கும். சீட்டு எண் என்ன, வண்டி எண் என்ன, எதற்காக ரத்து செய்யச் சொல்கிறாய், இவ்வளவுதான் அவள் தேடுவாள். நீதிக்கு நாடி பிடித்துப் பார்க்க அவளுக்கு அதிகாரம் கிடையாது.

கதிரேசன்: எல்லாம் இருக்கிறது அக்கா. சீட்டு எண் கடைசிப் பக்கத்தில் வரும். வண்டி எண்ணை மூன்று இடத்தில் எழுதி அடிக்கோடே போட்டிருக்கிறேன்.

சரசு: "ஐந்தே ஐந்து நிமிடம்தான் நிறுத்தினேன்." சரி. இரண்டாம் பக்கம்: "அந்த இரண்டு மணி நேரமும் என் வண்டி யாருக்கும் எந்த இடைஞ்சலும் தராமல் நின்றது." தம்பி, ஐந்து நிமிடமா, இரண்டு மணி நேரமா?

கதிரேசன்: முதல் பக்கம் எழுதும்போது ஐந்து நிமிடம் மாதிரிதான் தோன்றியது.

சரசு: "அங்கே மேலும் ஏழு வண்டிகள் நின்றிருந்தன. அவற்றின் எண்கள் பின்வருமாறு." அட பாவி!

கதிரேசன்: ஊரே நிறுத்துகிறது, என்னை மட்டும் பிடித்தால் எப்படி?

சரசு: அடுத்தவனும் செய்தான் என்று சொன்னால் உன் அபராதம் ரத்தாகாது. நீ செய்தாய் என்பதுதான் உறுதியாகும். அதோடு அந்த ஏழு பேரில் ஒருவர் உனக்குத் தெரிந்தவராக இருந்தால்?

கதிரேசன்: (மெதுவாக) ஒருவர் என் மைத்துனர்.

(அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறார். தேவைப்பட்டுத்தான்.)

கதிரேசன்: சரி அக்கா, உண்மையைச் சொல்லுங்கள். இப்படி எழுதிப் போட்டு யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

சரசு: ஜெயிக்காமல் என்ன? பார்க்கிங் மீட்டர் முதன்முதலில் வந்தது அமெரிக்காவில், ஓக்லஹோமா நகரத்தில், 1935 ஜூலையில். அதில் முதலில் மாட்டியவர் ஒரு பாதிரியார். மீட்டரில் போடச் சில்லறை இல்லை, மாற்றப் போயிருந்தேன் என்றார். வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

கதிரேசன்: பார்த்தீர்களா!

சரசு: 1960இல் லண்டனில் முதல் பார்க்கிங் சீட்டு ஒரு டாக்டருக்குப் போனது. ஒரு ஹோட்டலில் மாரடைப்பு வந்தவரைப் பார்க்க ஓடியிருக்கிறார். அபராதம் இரண்டு பவுண்டு. ஊரே சத்தம் போட்டதும் அதையும் ரத்து செய்துவிட்டார்கள்.

கதிரேசன்: அப்படியானால் இரண்டு இடத்திலும் முதல் சீட்டே செல்லவில்லை! இதை ஏன் நான் எழுதவில்லை?

சரசு: எழுதி என்ன ஆகும்? பாதிரியார் கதையில் சில்லறை இருக்கிறது, டாக்டர் கதையில் நோயாளி இருக்கிறார். உன் கதையில் யார் இருக்கிறார்கள்?

கதிரேசன்: நான் இருக்கிறேன் அக்கா. எல்லாப் பக்கத்திலும்.

சரசு: அதுதான் வியாதி. உன் மனது என்ன பாடுபட்டது என்று கேட்டு யாரும் ரத்து செய்வதில்லை. பலகை மறைந்திருந்ததா, கோடு அழிந்திருந்ததா, மீட்டர் பழுதா, வண்டி ரிப்பேராகி நின்றதா, மருத்துவமனைக்கு ஓடினாயா, வண்டியை முன்பே விற்றுவிட்டாயா, சீட்டிலேயே தேதியோ தெருவோ தப்பாக இருக்கிறதா? இதில் ஒன்று இருந்து, அதற்கு ஒரு படமோ ரசீதோ இருந்தால் போதும். மெக்கானிக் கொடுத்த பில் ஒன்று, நீ எழுதிய இந்தக் காவியம் அத்தனைக்கும் சமம்.

கதிரேசன்: அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி கணக்குப் போட்டே தப்பித்தார் என்று கேள்விப்பட்டேன்.

சரசு: அது பார்க்கிங் இல்லை. ஸ்டாப் பலகையில் நிற்காமல் போனார் என்று வந்த வழக்கு. 2012இல் சான் டியேகோவில் ஒரு இயற்பியலாளர், போலீஸ்காரர் நின்ற கோணத்திலிருந்து பார்த்தால் நின்று கிளம்பிய கார் நிற்காத கார் மாதிரித் தெரியும் என்று சூத்திரம் போட்டு விளக்கினார். நடுவே வேறொரு கார் வந்து மறைத்ததையும் சேர்த்துக்கொண்டார். விடுவித்துவிட்டார்கள். நீ என்ன எழுதியிருக்கிறாய்? "சீட்டுப் போட்டவருக்குப் பிள்ளைகுட்டி கிடையாதா?"

கதிரேசன்: அது ஒரு உருக்கத்துக்காக.

சரசு: உருக்கத்தை இணைப்பாக வைக்க முடியாது. படம் எடுத்தாயா?

கதிரேசன்: (உற்சாகமாக) எடுத்தேன் அக்கா! நாலு பக்கமும். பலகையும் வண்டியும் ஒரே படத்தில் வருகிற மாதிரி.

(போனை நீட்டுகிறார். அக்கா பெரிதாக்கிப் பார்க்கிறார். அவர் முகம் போகிற போக்கு சரியில்லை.)

சரசு: படம் எடுத்தது நல்ல காரியம். பலகை, நம்பர் பிளேட், தரையில் இருக்கிற கோடு, மூன்றும் ஒன்றாக வந்திருக்கின்றன. ஆனால் பலகை பளிச்சென்று தெரிகிறதே?

கதிரேசன்: ஆமாம். அதற்கு நேர் கீழே வண்டி எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது பாருங்கள்.

சரசு: "நிறுத்தக் கூடாது" என்ற பலகைக்குக் கீழே ஒழுங்காக நிற்கிறது.

கதிரேசன்: மரக்கிளை மறைத்தது என்று எழுதிவிட்டால்?

சரசு: பொய் எழுதாதே. சீட்டுப் போடுகிறவர்களும் பெரும்பாலும் படம் எடுத்து வைத்திருப்பார்கள். நீ எழுதுவதற்கு முன்னால் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். பல இடங்களில் கேட்டால் காட்டுவார்கள். நீ சொல்கிற கதையும் அவர்கள் படமும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா?

கதிரேசன்: அப்படியானால் பேசாமல் கட்டிவிடட்டுமா? கட்டிவிட்டு அப்புறம் சண்டை போடுகிறேன்.

சரசு: அந்த வேலையே வேண்டாம். கட்டினால் ஒப்புக்கொண்டாய் என்று கோப்பை மூடுகிற இடங்கள்தான் அதிகம். ஒன்று கட்டு, இல்லை எதிர்த்து எழுது. எதுவானாலும் கெடுவுக்குள் செய். இங்கிலாந்தில் உள்ளாட்சி போடுகிற சீட்டை 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான். உன் சீட்டின் பின்பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது?

கதிரேசன்: அதற்குப் பின்பக்கம் வேறு இருக்கிறதா?

சரசு: (பெருமூச்சு) யார் போட்ட சீட்டு? அரசாங்கமா, தனியார் இடத்துக்காரரா?

கதிரேசன்: அதில் என்ன வித்தியாசம்? தனியார் என்றால் கிழித்துப்போடு என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

சரசு: அவர் உன்னோடு கோர்ட்டுக்கும் வருவாரா? கேட்டுக்கொள். பிரிட்டனில் ஒருவர் இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தக்கூடிய தனியார் இடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தினார். 85 பவுண்டு கேட்டார்கள். மாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015இல் கட்டணம் செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. எல்லாத் தனியார் சீட்டும் செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. கிழிக்கும் முன் படி என்றுதான் அர்த்தம். யாருக்கு எழுதுவது, எத்தனை நாளுக்குள் எழுதுவது, எல்லாமே போட்டவர் யார் என்பதைப் பொறுத்தது.

கதிரேசன்: எழுதி, முடியாது என்று பதில் வந்துவிட்டால்?

சரசு: அழாதே. நான் இருந்த பிரிவில் முதல் கடிதத்துக்கு வருகிற பதில் பாதிக்கு மேல் அச்சடித்த பதில்தான். ரகசியம், வெளியே சொல்லாதே. அதைப் பார்த்ததும் மனம் உடைந்து கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். சம்பந்தமே இல்லாத நடுவரிடம் போக வழி இருக்கிற நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் அதற்கென்றே தீர்ப்பாயம் உண்டு, போகக் கட்டணமும் கிடையாது. அங்கே போகும்போது நீ முதலில் எழுதிய கடிதத்தையும் எடுத்து வைப்பார்கள். அதனால்தான் முதல் கடிதத்தில் உளறக் கூடாது என்கிறேன்.

(கதிரேசன் தண்ணீர் கேட்கிறார். குடிக்கிறார். இன்னொரு டம்ளர் கேட்கிறார்.)

சரசு: இப்போது நான் சொல்கிறேன், நீ எழுது. சீட்டு எண், வண்டி எண், தேதி, இடம். அடுத்த வரியில் காரணம். அடுத்த வரியில் இணைப்பு என்னென்ன. "ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." பெயர், கையெழுத்து. முடிந்தது.

கதிரேசன்: என் ஆதங்கம் எங்கே வரும்?

சரசு: வராது. காரணம் என்று சொல்ல எதுவுமே இல்லை என்றால் வளைக்காமல் நேரே சொல்லி, முதல் தடவை, மன்னியுங்கள் என்று கேள். சில சமயம் மனம் இரங்குவார்கள். அனுப்பும்போது போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்கிற மாதிரி அனுப்பு. கெடுவுக்குள் வரவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. போ, சீட்டை எடுத்து வா, எண்ணைச் சரிபார்ப்போம்.

(கதிரேசன் வெளியே போய்ச் சீட்டை நுனிவிரலால் பிடித்துக்கொண்டு வருகிறார். அக்கா வெளிச்சத்தில் வைத்துப் படிக்கிறார். மறுபடி படிக்கிறார்.)

சரசு: தம்பி, உன் வண்டி என்ன நிறம்?

கதிரேசன்: சிவப்பு.

சரசு: இதில் வெள்ளை என்று இருக்கிறது. நீ எத்தனை மணிக்கு நிறுத்தினாய்?

கதிரேசன்: சாயந்திரம்.

சரசு: இது காலை 10.10க்குப் போட்டது. வண்டி எண்ணைப் பார். ஒரு எழுத்துகூட உன்னுடையது இல்லை.

கதிரேசன்: தப்பாக எழுதிவிட்டார்களா? ஜெயித்துவிட்டோமா?

சரசு: தப்பாக எழுதவில்லை. இது வேறு யாருக்கோ போட்ட சீட்டு. வாங்கிய மகராசன் கடுப்பில் உருவி, பக்கத்தில் நின்ற வண்டியில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. உனக்கு யாரும் அபராதமே போடவில்லை தம்பி!

கதிரேசன்: (எழுந்து நின்று) அபராதமே இல்லையா!

சரசு: பைசா கிடையாது. சீட்டு எண்ணைப் பார்த்து எழுதியவன் அதற்கு அடுத்த வரியைப் படித்திருக்கக் கூடாதா? போகட்டும். இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

(கதிரேசன் உட்கார்ந்துவிடுகிறார்.)

சரசு: என்ன?

கதிரேசன்: அக்கா, மூலம் பத்திரமான இடத்தில் இருக்கிறது என்றேனே.

சரசு: ஆமாம்.

கதிரேசன்: அது உங்கள் பழைய அலுவலகத்தில் இருக்கிறது.

சரசு: அனுப்பிவிட்டாயா!

கதிரேசன்: பதிவுத் தபாலில். போய்ச் சேர்ந்தது என்று ஒப்புகை அட்டையும் வந்துவிட்டது.

சரசு: உன் வண்டி எண்ணோடு, இரண்டு மணி நேரம் நிறுத்தினேன் என்று.

கதிரேசன்: படங்களோடு.

சரசு: மைத்துனர் வண்டி எண்ணோடு.

கதிரேசன்: அதற்கும் அடிக்கோடு போட்டிருக்கிறேன் அக்கா.

(அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைக்கிறார்.)

சரசு: உட்கார். இன்னொரு மனு எழுத வேண்டும்.

கதிரேசன்: யாரை எதிர்த்து அக்கா?

சரசு: உன்னை எதிர்த்துத்தான்.