2000 ரூபாய் நோட்டில் சிப் எதுவும் இல்லை

2016 நவம்பர் 8 இரவு பிரதமர் மோடி பணமதிப்பிழப்பை அறிவித்ததை ஒட்டி ஒரு செய்தி தீயாய்ப் பரவியது. புதிய 2000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறதாம், 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடுமாம். இதை இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. இது முழுப் பொய்.

பிரதமரின் உரையில் சிப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட பாதுகாப்பு அம்சங்களிலும் இல்லை. வங்கி அதை மறுக்கவும் செய்தது. ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளின் சிக்னலை வாங்க மட்டுமே செய்யும். தான் இருக்கும் இடத்தைத் திருப்பிச் சொல்ல அதற்கு டிரான்ஸ்மிட்டரும் மின்சாரமும் வேண்டும். காகித நோட்டுக்குள் பேட்டரி எங்கே? மண்ணுக்கடியில் அந்த சிக்னல் போய்ச் சேரவே சேராது.

சரி, நோட்டில் மினுங்கும் அந்தக் கோடு? அது பாதுகாப்பு இழை. நோட்டைச் சாய்த்தால் பச்சை நீலமாக மாறும், கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க அவ்வளவுதான்.

அப்புறம், 2023 மே 19 அன்று இந்த நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாகத்தான் ரிசர்வ் வங்கி அறிவித்தது, செல்லாது என்று அறிவிக்கவில்லை. வீட்டில் 2000 ரூபாய் நோட்டு கிடந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.