ஒருவர் உள்ளத்தில் இனி நேர்வழி நுழையாதபடி முத்திரை விழுந்துவிட்டது என்று நாம் சொல்லலாமா?
தொழுகையை விட்டவனுக்கு ஹிதாயத் (நேர்வழி) திரும்பாது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. நபிகளார் காலத்தில் தபூக் போருக்குப் போகாமல் தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களோடு 50 நாள் யாரும் பேசவில்லை. அவரைப் போலவே தங்கிவிட்ட இருவரையும் சேர்த்து, பூமியே நெருக்கமாகிப்போன அந்த மூவரையும் அல்லாஹ் மன்னித்ததாகத்தான் குர்ஆன் (9:118) சொல்கிறது. சரி, அவர் நபித்தோழர் என்பீர்கள். காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் மாமா, மகன் மவுத்தான (இறந்த) பிறகு வருடக்கணக்கில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக்கூடப் போகவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் (இமாம்) மாலை அஸர் தொழுகை முடிந்து கடைக்கு வருவார், டீ குடிப்பார், மாமா மகனைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். தொழ வாங்க என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஒரு ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு போன மாமா, அப்படியே மஃரிபு (அந்தித் தொழுகை)க்கும் நின்றுவிட்டார். இன்று ஃபஜ்ரு என்ற அதிகாலைத் தொழுகைக்கு முதல் ஆள் அவர்தான். அன்றாடம் ஃபர்ளான (கட்டாயமான) ஐவேளைத் தொழுகையின் 17 ரக்அத்திலும் (தொழுகைச் சுற்றிலும்) நேர்வழி கேட்டுத்தானே நாமே ஓதுகிறோம்? கட்டுரையாளர் அந்த வரியைத் திருத்த வேண்டும்.