தொங்குற கையில பிரஷர் பார்க்காதீங்க

ரெண்டு நாளா எல்லாரும் பகிர்ந்துக்கிட்டிருக்கிற அந்தக் கர்ப்பிணிகள் முகாம் படத்தை நானும் பார்த்தேன். அத்தனை பேருக்கும் செக்கப் முடிஞ்சிருச்சுன்னு வாழ்த்து குவியுது. முன்வரிசையில இருக்கிற பொண்ணைப் பாருங்க. நின்னுக்கிட்டிருக்கு, கை தொங்குது, ரவிக்கைக்கு மேலேயே பட்டையைச் சுத்தியிருக்காங்க. இதைப் பிரஷர் பார்த்ததா எப்படிங்க கணக்கு எழுதுறது?

இதை நான் கேட்டதும் "நல்ல காரியத்துல போய்க் குறை கண்டுபிடிக்கிறியா"ன்னு திருப்பிக் கேட்டவங்களுக்குத்தான் இது. கை இதய மட்டத்துக்குக் கீழ தொங்கினா அளவு கூடிக் காட்டும். பட்டை சின்னதா இருந்தாலும் கூடும், கைக்குப் பெருசா இருந்தா குறையும். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்திருக்கிறவங்களுக்கு மேலே இருக்கிற வலது கையில பார்த்தாலும் குறையும். காத்தைச் சடார்னு இறக்கினா மேல் அளவு குறைஞ்சு, கீழ் அளவு கூடி வரும்; கருவியோட முள் நொடிக்கு 2 மில்லிமீட்டர்தான் இறங்கணும். கூடிக் காட்டினா வீண் பயம்; குறைச்சுக் காட்டினாதான், கர்ப்பத்துல உயர் ரத்த அழுத்தம்னு சொல்ற 140/90ஐத் தாண்டின பொண்ணு செக்கப் அட்டையில 130/80 ஆகி வீட்டுக்குப் போகுது. பார்க்காம விட்டிருந்தா யாருக்காவது சந்தேகமாவது வந்திருக்கும். தப்பா எடுத்த அளவு, எடுக்காததைவிட ஆபத்து.

"ஒரு காலையில நூறு பேர் வந்தா நர்ஸ் என்ன செய்வாங்க?" நியாயமான கேள்வி. அவங்க சுமை எனக்குத் தெரியும், நான் அவங்களைத் திட்டல. ஆனா வரிசையை மாத்திப் போட ஆள் கூடுதலா வேண்டாம். முதல்ல சிறுநீர் பரிசோதனை. மூத்திரப்பை காலியாகிறது பிரஷருக்கும் நல்லது. அப்புறம் எடை. அப்புறம் முதுகு சாஞ்சு, பாதம் தரையில பட, காலைக் குறுக்கே போடாம 5 நிமிஷம் உட்காரட்டும். அந்த நேரத்துல அடுத்தவங்க அட்டையை எழுதலாம். கடைசியில கையை மேசை மேல வச்சு, பேச்சை நிறுத்திட்டுப் பார்க்கலாம். எனக்குத் தெரிஞ்ச கிராம சுகாதாரச் செவிலியர் ஒருத்தர் நாலு பிளாஸ்டிக் நாற்காலியை வச்சு இதைத்தான் செய்றாங்க. 140/90 வந்தா 4 மணி நேரம் கழிச்சு மறுபடி பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவாங்க. அவங்க படத்தை யாரும் பகிரல.

"தமிழ்நாடு எவ்வளவோ மேல்"னு ஒருத்தர். ஆமாம், மேல்தான். 2018-20 கணக்குல உயிரோட பிறக்கிற லட்சம் குழந்தைக்கு இந்தியாவுல 97 தாய்மார் மரணம், இங்கே 54. அந்த 54 பேருக்கு இந்தப் பெருமையால என்ன பயன்?

2016ல உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணியைக் குறைஞ்சது 8 தடவை பார்க்கணும்னு சொன்னதுல இருந்து எல்லாருக்கும் எண்ணிக்கைதான் கணக்கு. ஒவ்வொரு தடவையும் எப்படிப் பார்த்தாங்கன்னு யார் கேட்டாங்க? அட்டைகளைப் புரட்டினா 110/70, 110/70, 120/80, மறுபடி 110/70. எல்லா முள்ளும் எப்பவும் பூஜ்யத்துல முடியுற எண்ணுலயா போய் நிக்கும்? சிறுநீர்ல புரதம் போகுதான்னு பார்க்கிற ஸ்டிரிப்பும் அப்படித்தான். டப்பா மூடியைத் திறந்தே வச்சிருப்பாங்க, ஈரம் பட்டுக் கெட்டுப்போயிருக்கும். 60 நொடி பொறுத்து நிறம் பார்க்கச் சொல்லி டப்பாவிலேயே போட்டிருக்கும், முக்கி எடுத்ததும் "இல்லை"ன்னு எழுதிடுவாங்க. பிரஷர் ஏறி வலிப்புல போய் முடியறதுக்கு முன்னாடி வர்ற அறிகுறிகள் இருக்கு: தலைவலி இருக்கா, கண் மங்குதா, மேல்வயிறு வலிக்குதான்னு கேட்க ஒரு ரூபாய் செலவில்லை. அதையும் கேட்கிறதில்லை.

வலிப்பு வந்து ஒரு பொண்ணு போயிட்டா மட்டும் "ஒழுங்கா செக்கப்புக்கு வந்திருக்கணும்"னு எழுத எத்தனை பேர் வர்றாங்க! அவ வந்தாளே. சொன்ன தேதிக்கெல்லாம் வந்தா. கூலியை விட்டுட்டு வந்தா.

160/110 வந்தா 15 நிமிஷத்துக்குள்ள மறுபடி பார்த்து உறுதி செய்யணும். வலிப்பைத் தடுக்கிற மக்னீசியம் சல்பேட் ஊசியோட முதல் டோஸை, ரெண்டு புட்டத்துலயும் தலா 5 கிராம், அங்கேயே போட்டுட்டுத்தான் 108ல ஏத்தணும். மருந்து அலமாரியில இருக்கு. அட்டையில 130/80ன்னு இருந்தா அதை யார் எடுப்பாங்க?