அ: கோடு இல்லாத அணில்

போன வாரம் சேலம் சின்னக் கடைவீதிப் பக்கம் போனபோது பேத்திக்கு ஒரு உயிரெழுத்து சார்ட் வாங்கி வந்தேன். கதவுக்குப் பின்னால் செலோடேப் போட்டு ஒட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், 'அ'வில் ஒரு அணில் உட்கார்ந்திருக்கிறது. செங்கல் நிறம். காது நுனியில் முடிக் குஞ்சம். பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி புஸ்ஸென்று வால். கையில் தொப்பி போட்ட ஒரு கொட்டை. முதுகில் கோடு? ஒன்றுகூட இல்லை.

'ஆ'வில் நிற்பது நம்ம ஆடுதான், கொம்பும் தாடியுமாக. உரல் நம்ம உரல். ஏணிகூட மூங்கில் ஏணி. அணிலை மட்டும் எவனோ ஃபாரினிலிருந்து இறக்கியிருக்கிறான்.

"விடும்மா, நாப்பது ரூபா சார்ட்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்றாள் மகள். விட முடியவில்லை. இதே அணில் எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை வேலை வைத்திருக்கிறது.

மே மாதம் ஏற்காடு போயிருந்தோம். கொண்டை ஊசி வளைவு மொத்தம் 20. பதினொன்றாவதிலேயே பேத்தி வாந்தி எடுத்துவிட்டாள், அது வேறு கதை. தெரிந்தவர் ஒருவர் வேலை பார்க்கிற காபித் தோட்டத்தில் மதியம் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் நிழல் மரங்களைக் காட்டி, "இதெல்லாம் சில்வர் ஓக்குங்க, மிளகுக்கொடி ஏத்தி விட்டிருக்கோம்" என்றார். பேத்தி காதில் 'ஓக்' மட்டும் விழுந்திருக்கிறது. எழுந்து போய் மரத்தடியில் சருகைக் கிளற ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன சாமி தேடற?"

"ஏகார்ன், அம்மாயி. அணிலுக்கு."

ஏகார்ன் என்றால் ஓக் மரத்துக் கொட்டை. பூரான் கீரான் இருக்கும் வா என்று கூப்பிட்டால் வருகிற வயசா? அரை மணி நேரம் தேடினாள். கிடைத்தது காய்ந்த மிளகுக்கொடியும் ஒரு பிஸ்கட் கவரும். சில்வர் ஓக் பேரில்தான் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், காபிக்கு நிழலுக்காக நட்டது, அதில் ஓக் கொட்டை ஏழு ஜென்மத்துக்கும் காய்க்காது. (இதற்குப் பதிலுக்குப் பதில் போல, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் நம் நாட்டு வடக்கத்தி 5 கோடு அணில் நூறு வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறது. மரம் இங்கே, அணில் அங்கே.) இதையெல்லாம் ஐந்து வயசுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. இறங்கி வரும்போது 20 வளைவும் உம்மென்று வந்தாள்.

ஏகார்ன் என்கிற சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஸ்க்ராட். ஐஸ் ஏஜ் கார்ட்டூன் படத்தில் கோரைப்பல் வைத்துக்கொண்டு ஒற்றைக் கொட்டைக்காக உயிரை விடுகிறதே ஒரு அணில், அதே ஆள். 2002-இல் வந்த முதல் படம் தொடங்குவதே அவனை வைத்துத்தான். பனித்தரையில் கொட்டையைக் குத்தி ஊன்றுவான், அங்கே ஒரு மயிரிழை விரிசல் விடும், அது ஓடி ஓடிப் போய் மலையே பிளக்கும். வசனம் கிடையாது. கீச்சும் மூச்சிரைப்பும் மட்டும்தான், அதுவும் படத்தை இயக்கிய கிறிஸ் வெட்ஜ் கொடுத்த குரல். 2016 வரை ஐந்து படம் எடுத்தார்கள், அந்தக் கொட்டையை அவனை நிம்மதியாகத் தின்ன விடவில்லை. படங்களை எடுத்த ப்ளூ ஸ்கை நிறுவனத்தை 2021-இல் மூடினார்கள். அடுத்த வருஷம், அங்கே வேலை பார்த்தவர்கள் கடைசியாகச் செய்த அரை நிமிஷ வீடியோ ஒன்று வெளியே வந்தது. கொட்டை முன்னால் இருக்கிறது. சுற்றுமுற்றும் பார்க்கிறான். எதுவும் பிளக்கவில்லை. எடுத்துத் தின்கிறான், ஓடிப்போகிறான். அவ்வளவுதான். வேலை போன மனிதர்கள் கிளம்புகிற நேரத்தில் அவன் வாயில் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததை மகள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

அதனால் ஸ்க்ராட் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவன் பதற்றம் பனிக்காட்டுப் பதற்றம். அந்த ஊர் அணில்கள் இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டையை ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்து வைக்கும், பனி மூடின பிறகு மோப்பம் பிடித்துத் தோண்டும், மறந்துபோனதில் சில முளைத்து மரமாகும். பதுக்கினால்தான் பிழைப்பு. எங்கள் கன்னங்குறிச்சி அணிலுக்கு என்ன தலையெழுத்து? கொய்யா ஓய்ந்தால் மாங்காய், மாங்காய் ஓய்ந்தால் நாவல். ஒன்றுமே இல்லையென்றால் மொட்டைமாடியில் நான் காயப்போட்ட வடகம். போன சித்திரையில் புடவையோடு சேர்த்துக் கடித்து வைத்தது, தோல் சீவியது போல அத்தனை நேர்த்தியாக ஒரு ஓட்டை.

சின்ன வயசில் டிவியில் சிப், டேல் இரண்டையும் பார்த்தபோது முதுகுக் கோட்டை வைத்து, ஆஹா நம்ம அணில் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. அவை சிப்மங்க், அணில் குடும்பத்திலேயே வேறு கிளை. 1943-இல் டிஸ்னியின் ப்ளூட்டோ நாயைப் படுத்தி எடுக்க வந்தவை. இப்போது போனில் அணில் என்று தட்டினால் வருகிற குட்டிப் படமும் 2014-இல் சிப்மங்க் என்ற பேரில்தான் சேர்க்கப்பட்டது. நம் அணிலுக்கு ஒரு எமோஜிகூடக் கிடையாது. ஒன்றுவிட்ட பங்காளியின் போட்டோவைக் காட்டிப் பிழைக்கிறோம்.

பழைய வெளிநாட்டு அணில்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ராட்டடோஸ்க். ஐரோப்பாவின் வடகோடியில் நார்ஸ் புராணத்தில் வருவது. உலகங்களையெல்லாம் தாங்குகிற மகா மரம் ஒன்று. உச்சியில் கழுகு, வேரில் நாகம். இந்த அணிலுக்கு வேலை என்ன தெரியுமா? மேலே ஏறிப் போய் "கீழே இருக்கிறவன் உன்னை இப்படித் திட்டினான்" என்று சொல்வது, இறங்கி வந்து "மேலே இருக்கிறவன் அப்படித் திட்டினான்" என்று சொல்வது. சுத்தமான கோள்மூட்டி. எங்கள் தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், மரம்தான் இல்லை.

அதை அங்கே வைத்துவிட்டு நம் பக்கம் வாருங்கள். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் 27-ஆம் பாசுரம். குரங்குகள் மலையைத் தள்ளிக்கொண்டிருக்க, அணில்கள் 'குளித்துத் தாம் புரண்டிட்டு ஓடி' கடலை அடைக்கப் பார்க்கின்றன. தண்ணீரில் முங்கி, மணலில் புரண்டு, ஓடி, உதறி, திரும்ப முங்கி. அணிலைப் பார்த்தவர் எழுதிய வரி அது. 'சலமிலா அணில்' என்கிறார், வஞ்சனை இல்லாத அணில். ராட்டடோஸ்க் எதுவோ அதற்கு நேர் எதிர். அந்த அணிலைப் போலக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் புலம்புகிறார். வால்மீகியில் இல்லாத அணில் நம் ஊர்ப் பாட்டில் இத்தனை உயிரோடு இருக்கிறது. ராமர் மூன்று விரலால் தடவினதாக நாம் சொல்கிற கோட்டுக் கதை இந்தப் பாசுரத்தில் வரவே இல்லை, அணில் செய்கிற வேலை மட்டும்தான் வருகிறது. (தடவின கதையை வைத்து வடக்கத்தி 5 கோடு அணிலுக்கு என்ன விளக்கம் சொல்வது என்று என் அம்மாயியைக் கேட்டிருக்கிறேன். "அங்க அஞ்சு விரலாலயும் தடவியிருப்பாரு, போடி" என்றாள்.)

வேலை செய்த அந்த அணிலை நாம் என்ன பண்ணினோம்? பணிவுக்கு ஒரு முத்திரையாக்கிவிட்டோம். கும்பாபிஷேக நோட்டீஸில் "அணில் போல் என் சிறு பங்கு." கட்சி மேடையில் "ராமருக்கு அணில் போல." லட்சம் ரூபாய் கொடுத்தவரும் அணில், லட்சம் ரூபாயை ஆட்டையைப் போட்டவரும் அணில். இணையத்தில் விஜய் ரசிகர்களை மற்றவர்கள் அணில் என்று கூப்பிட்டுக் கேலி செய்வதும் நடக்கிறது, அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. ஆனால் அணில் எப்போது வசவாச்சு என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிறகு 2021 ஜூன் வந்தது. மின்துறை அமைச்சராக இருந்த செந்தில்பாலாஜி, பராமரிப்பு இல்லாமல் செடிகொடி வளர்ந்து மின்கம்பியைத் தொடுகிறது, அதில் அணில் ஓடும்போது கம்பிகள் ஒன்றோடொன்று பட்டு மின்தடை வருகிறது என்று சொன்னார். தமிழ்நாடே சிரித்தது. என் போனில் ஒரு வாரத்துக்கு அணில் மீம் தவிர வேறெதுவும் வரவில்லை, நானும் நாலைந்து பேருக்கு அனுப்பினேன். அவர் சொன்னது எங்கள் பகுதிக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம். ஆனால் அணிலால் கரண்ட் போகாது என்று சிரித்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையே 1987-இல் ஒரு தடவை, 1994-இல் இன்னொரு தடவை அணில் கைங்கரியத்தால் கரண்ட் போய் நின்றிருக்கிறது. ஒரே கம்பியில் ஓடுகிற வரைக்கும் அணிலுக்கு ஒன்றும் ஆகாது. உடம்பு நீண்டு இன்னொரு கம்பியையோ கம்பத்து இரும்பையோ தொட்டால் முடிந்தது. நம் அணில் இனத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் ஃபுனாம்புலஸ், லத்தீனில் கயிற்றின் மேல் நடப்பவன். கழைக்கூத்தாடி என்று பேர் வைத்துவிட்டுக் கம்பியில் ஏறாதே என்றால் கேட்குமா?

மீம் அனுப்பி ஓய்ந்து கொஞ்ச நாளில், விடிகாலையில் டப்பென்று ஒரு சத்தம், ஃபேன் நின்றது. பால் வாங்கப் போனபோது டிரான்ஸ்பார்மருக்குக் கீழே கிடந்தது. வால் கருகிச் சுருண்டிருந்தது, முதுகுக் கோடு மூன்றும் அப்படியே வெள்ளையாக இருந்தன. அன்றைக்கு அப்புறம் யாருக்கும் அனுப்பவில்லை.

சரி, எந்த அணில்தான் நிஜமான அணில் என்கிறீர்களா? என் ஓட்டு பால்வாடிப் பாட்டு அணிலுக்கு. அணிலே அணிலே ஓடி வா. எழுதியவர் கொய்யா மரத்தடியில் கொஞ்ச நேரமாவது நின்றிருக்கிறார். பாதிப் பழம் உனக்கு, பாதி எனக்கு என்று அதில் வருவது குழந்தைக்காக இட்டுக்கட்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கொல்லைக் கொய்யாவைப் பாருங்கள். அணில் ஒரு பழத்தையும் முழுசாகத் தின்னாது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழுத்த பக்கமாகப் பார்த்து நாலு கடி, போட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவும். கீழே விழுகிறதே, அதுதான் மரத்திலேயே நல்ல பழம். அணில் கடிச்ச பழம் இனிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? என் அம்மாயி அதைப் பொறுக்கி, கடித்த இடத்தை அரிவாள்மனையில் சீவிவிட்டு, பேரன் பேத்திகளில் யார் காலையில் முதலில் எழுந்தார்களோ அவர்களுக்குக் கொடுப்பாள். அந்தப் பழத்துக்காகவே ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன். இப்போது அது நடக்காது. 2018-இல் கேரளாவில் வௌவாலிடமிருந்து தொற்றுகிற நிபா வைரஸ் வந்ததிலிருந்து, கடிபட்ட பழம் என்றாலே மகள் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறாள். வௌவாலா அணிலா என்று பார்த்தா கடித்திருக்கும் என்கிறாள், நியாயம்தான். பேத்திக்கு அந்த ருசி தெரியாமலே போகும்.

பதுக்காத அணில், பங்கு வைக்கிற அணில், வெட்கமே இல்லாமல் வடகம் திருடுகிற அணில். இவ்வளவு நல்ல பாத்திரத்தை வைத்துக்கொண்டு நாம் சம்பாதித்தது ஒரு சேமியா பாக்கெட் பேர். அதுகூடத் திண்டுக்கல்காரர்கள் வைத்தது. தேவர் பிலிம்ஸ் யானை, ஆடு, பாம்பு என்று எல்லாவற்றையும் நடிக்க வைத்தது. எங்கள் ஏற்காடு சாலையில் 1935-இல் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படத்துக்கு மேல் எடுத்தது. மிஞ்சி நிற்கும் அந்த வாசல் வளைவில் இன்றைக்கும் அணில் ஓடுகிறது, வாய்ப்புக் கேட்டு வந்த மாதிரி. அணிலைப் பழக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2005-இல் டிம் பர்ட்டன் எடுத்த சாக்லேட் தொழிற்சாலைப் படத்தில் கொட்டை உடைக்கிற காட்சிக்கு 40 அணில்களை வாரக்கணக்கில் பழக்கினார்கள். அதற்கும் முன்னால் 1979-லேயே ஃபுளோரிடாவில் ட்விக்கி என்கிற அணில் பொம்மைப் படகுக்குப் பின்னால் தண்ணீரில் சறுக்கிக்கொண்டு போனது. நமக்கு அதெல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டரில் வரையட்டும். மூன்று கோடு, ஒல்லி வால், வாலைத் தூக்கித் தூக்கிக் 'கிச் கிச் கிச்' என்று தெருவையே அதட்டுகிற அந்தக் குரல். அந்தக் குரலுக்கு மட்டும் யாராவது நல்ல நடிகரைப் போடட்டும்.

நேற்று சாயங்காலம் ஒயிட்னர் பேனாவை எடுத்து சார்ட் அணில் முதுகில் மூன்று கோடு போட்டேன். பேத்தி பக்கத்தில் நின்று எண்ணினாள். ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டு சுவரில் ஓடினதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள். அப்புறம் அவளே பச்சை கிரேயானை எடுத்து வந்து, அதன் கையிலிருந்த ஏகார்ன் மேல் அமுக்கி அமுக்கித் தேய்த்தாள். கொய்யாவாம். தேய்த்த தேய்ப்பில் சார்ட் அந்த இடத்தில் கிழிந்துவிட்டது, இப்போது 'அ'வுக்குக் கையும் இல்லை கொய்யாவும் இல்லை.

புதுசு வாங்க வேண்டும். சேலத்தில் கோடு போட்ட அணில் இருக்கிற சார்ட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஈரோடு, நாமக்கல் என்றாலும் பரவாயில்லை, பஸ்ஸில் போய் வாங்கிக்கொள்கிறேன்.