அம்மாவின் நாள்காட்டியும் என் இன்வாய்ஸும்

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கோலாலம்பூர் வாடிக்கையாளர்களுக்கு இதழ்களும் கையேடுகளும் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். ஒன்பது வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த ஃப்ரீலான்ஸ் வேலைதான். நேற்று மாலை ஒரு தம்பி புலனத்தில் கேட்டான்: "ஒரு டிசைனுக்கு எவ்வளவு கேட்கலாம் அக்கா?" போன வேலைக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்று கேட்டேன். தெரியாதாம். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று இருட்டிலேயே தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, நிரைக்கு, போய்விடுவார். ஸ்டோரில் பாலை நிறுத்து, அதில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்த்து, தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் எழுதுவார். வீடு திரும்பியதும், கை கழுவும் முன்பே, அம்மா அதே எண்ணைச் சுவர் நாள்காட்டியில் பென்சிலால் குறித்துவிடுவார். கட்டத்தின் ஓரத்தில் பால் காய்ந்து கறுத்த விரல் அடையாளம் இருக்கும். மழையால் வெட்டு இல்லாத நாளுக்கு ஒரு குறுக்குக்கோடு. ஒரு மாதச் சம்பளத்தில் மூன்று நாள் பால் விடுபட்டிருந்தது. அம்மா நாள்காட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். அடுத்த மாதம் அந்தப் பணம் சேர்ந்து வந்தது.

நமக்குக் கிராணியும் இல்லை, செக்ரோலும் இல்லை. 2023 ஜனவரியில் மலேசிய வேலைச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது. அதுவும் முதலாளியிடம் வேலை செய்பவர்களுக்குத்தான். ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் அப்வொர்க் தளத்தில் மணிக்கணக்கு வேலை எடுத்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை செயலி நம் திரையைப் படம் பிடிக்கும், விசைத் தட்டல்களை எண்ணும். தாளில் பென்சிலோடு யோசித்த அரை மணி நேரம் அதன் கண்ணில் படாது. அதனால் எனக்கு அது பிடிப்பதில்லை. டாகிள், கிளாக்கிஃபை போன்ற நேரம் குறிக்கும் செயலிகளில் பொத்தானை அழுத்துவது நாமே என்பதால் அவை தேவலாம். நான் பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிறேன்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், யாருக்கு, என்ன வேலை.

அந்த நோட்டுதான் என் கண்ணைத் திறந்தது. 48 பக்க ஆண்டு மலர் ஒன்றுக்கு, மணிக்கு 30 ரிங்கிட், 20 மணி நேரம் என்று 600 ரிங்கிட் பேசியிருந்தேன். முடிந்தபோது 34 மணி நேரம் ஆகியிருந்தது. அதில் 11 மணி, "இதுதான் கடைசி" என்று சொன்ன பிறகு வந்த திருத்தங்கள். இப்போது விலை சொல்லும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும், மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு. முழு வேலையையும் மணிக்கணக்கில் விற்க எனக்கு மனமில்லை. கை பழகப் பழக வேகம் கூடும். வேகமாக முடிப்பவருக்குக் கூலி குறைவது அநியாயம். வாடிக்கையாளரிடம் மொத்த விலை சொல்லுங்கள். மணிக்கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்.

தம்பி இன்று காலை தன் நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். மூன்று வரி, அழகான கையெழுத்து. இரவு வாடிக்கையாளர் நிறம் மாற்றச் சொல்லி 25 நிமிடம் தொலைபேசியில் பேசியதாகச் சொன்னானே, அது எங்கே என்று கேட்டேன். "பேசியதையும் எழுதவேண்டுமா அக்கா?"

எழுது என்றேன்.