எது தங்குகிறது என்று முதலில் சொல்லுங்கள்

கொரோனா தடுப்பூசி உடம்பில் எத்தனை நாள் தங்கும் என்று இருவர் வாதிட்ட ஒரு நேரலையைக் கடைசிவரை பார்த்தேன். ஒருவர் "மூன்றே நாளில் சுவடில்லாமல் போய்விடும்" என்றார். எதிரே இருந்தவர் "ஆயுளுக்கும் போகாது" என்றார். நடத்தியவர் இருவருக்கும் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார். "எது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் போவது ஒரே பொருள் இல்லை. எம்ஆர்என்ஏ என்பது எந்தப் புரதத்தைச் செய்வது என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பு, ஆர்என்ஏவில் ஒரு வகை. ஃபைசரின் ஆரம்பகால டோஸில் பெரியவர்களுக்கு 30 மைக்ரோகிராம் எம்ஆர்என்ஏ, மாடர்னாவில் 100. அதைச் சுற்றி நான்கு வகைக் கொழுப்பு. அப்புறம், அந்த எம்ஆர்என்ஏவைப் படித்து நம் செல்களே செய்கிற ஸ்பைக் புரதம், அதாவது கொரோனா வைரஸின் மேல் முள்போல் நீட்டியிருப்பது. ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு.

ஆர்என்ஏ சீக்கிரம் சிதைவது உண்மைதான். ஆய்வகத்தில் கையுறையில்லாத விரல் பட்டாலே போதும், தோலில் இருக்கும் நொதி அதை வெட்டிப்போடும். ஆனால் தடுப்பூசியில் இருப்பது கொழுப்பு உறைக்குள் போகிற, ஆர்என்ஏவின் 'எழுத்துகளில்' ஒன்றான யூரிடினுக்குப் பதிலாக மாற்றப்பட்ட எழுத்து வைத்த ஆர்என்ஏ. கட்டலின் கரிக்கோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் 2023இல் நோபல் கிடைத்ததே அப்படி எழுத்தை மாற்றும் வழியைக் கண்டதற்குத்தான். 2022இல் 'செல்' இதழில் வந்த ஆய்வில், அக்குள் நெறிக்கட்டியில் ஊசியால் எடுத்த மாதிரிகளில், இரண்டாம் டோஸுக்கு 60 நாள் கழித்தும் தடுப்பூசி எம்ஆர்என்ஏ தெரிந்தது. ரத்தத்தில் தேடிய 2023ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் 28 நாள் வரை துணுக்குகள் கிடைத்தன. இடம் மாறினால் நாளும் மாறுகிறது. துணுக்கு என்பதையும் கவனியுங்கள். ஃபைசரின் எம்ஆர்என்ஏ சுமார் 4,300 எழுத்து நீளம். அதைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை தேடுவது அதில் சிறு பகுதியைத்தான். துணுக்கு அகப்பட்டதால் முழுப் புரதம் இன்னும் உருவாகிறது என்று ஆகிவிடாது.

புரதத்தை அளப்பது இன்னும் சிக்கல். மாடர்னா போட்ட 13 பேரில் 11 பேருக்கு முதல் டோஸுக்குப் பின் ரத்தத்தில் ஸ்பைக்கின் எஸ்1 பகுதி தெரிந்தது. சராசரியாக ஐந்தாம் நாள் உச்சம், இரண்டு வாரத்தில் மறைவு. அளவு ஒரு மில்லிலிட்டருக்குப் பிக்கோகிராம் கணக்கு. ஆன்டிபாடி உருவானபின் அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், சோதனைக்குச் சிக்காது. ஆகவே 'இல்லை' என்று வரும் முடிவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

கொழுப்பைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஃபைசர் ஊசியின் நான்கு கொழுப்புகளில் ஒன்றான ஏஎல்சி-0315 எலிகளின் ரத்தத்தில் பாதியாகக் குறைய, கடைசிக் கட்டத்தில் ஏறத்தாழ ஆறு நாள் எடுத்தது. மூன்று நாள் கணக்கு அதோடு உடைந்துபோகிறது.

"அப்போ, 709 நாள் கழித்தும் ஸ்பைக் இருந்ததாமே?" என்று கேட்பீர்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட முன்பதிப்பு அது, அதாவது மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியான கட்டுரை. தடுப்பூசிக்குப் பின் நீண்டகாலத் தொந்தரவு உள்ள 42 பேர், ஒப்பீட்டுக்கு 22 பேர். அதில் சிலருக்கு அத்தனை நாள் கழித்தும் ஸ்பைக் தெரிந்தது. இடையில் அறிகுறியே இல்லாமல் கொரோனா வந்து போயிருந்தால், காலப்போக்கில் அதைக் காட்டும் ஆன்டிபாடியும் குறைந்துவிடும். அதனால் அந்த ஸ்பைக் ஊசியால் வந்தது என்று அறுதியிட முடியாது. சிலருக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் ஆயுள் முழுக்க என்று நீட்டுவது அநியாயம்.

"இதையெல்லாம் எழுதினால் ஜனங்கள் பயப்படுவார்கள்" என்கிறார்கள், தடுப்பூசியை ஆதரித்து என் பக்கம் நிற்பவர்களே. எனக்கு வலிப்பது இதுதான். நெறிக்கட்டியில் வாரக்கணக்கில் தங்குவதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆன்டிபாடி செய்யும் பி செல்கள் அங்கேதான் அந்தப் புரதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுக்கின்றன. அது பழுதல்ல, வேலை நடக்கும் விதம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். "மூன்று நாள்" என்று அடித்துச் சொன்னோம். 60 நாள் ஆய்வு வந்ததும் பொய்யர்கள் என்று பெயர் வாங்கினோம். அந்தப் பெயரை வைத்து இன்னொருவர் கடை விரித்துவிட்டார்.

ஊசிக்குப் பின் இதயத்தசை அழற்சி வந்தவர்களில் இளம் ஆண்கள் அதிகம். பெரும்பாலும் இரண்டாம் டோஸ் போட்ட ஒரு வாரத்துக்குள். அபூர்வம்தான், பெரும்பாலோர் தேறிவிட்டார்கள், ஆனால் உண்மை. நெஞ்சு வலிக்கிறது என்று வந்த பையனிடம் "மருந்துதான் உடம்பிலேயே இல்லையே" என்று சொல்லி அனுப்பினால், அவன் அடுத்து யாரிடம் போவான்? ஆயுளுக்கும் போகாது என்று சொன்னாரே, அவரிடம்தான் போவான். நாம் அனுப்பித்தான் போகிறான்.