மார்கழிப் பயணத்துக்கு முதலில் போட வேண்டியது சாப்பாட்டுக் கணக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் எல்லா வாட்ஸப் குழுவிலும் ஒரே பேச்சுதான். "குற்றாலம் போலாமா, அறை எவ்வளவு, யார் வண்டி?" எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைசியில் மதியம் மூன்று மணிக்கு, பசி தலைக்கேறி, நான்குவழிச்சாலை ஓரத்தில் பேருந்துகள் நிற்கிற ஏதோ ஒரு மோட்டலில் ஆறிப்போன சாம்பார் சாதத்துக்கு ஐந்து பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். வழியில் ஒரு தமிழ்நாடே சமைத்து வைத்திருக்கிறது. அதைப் பைபாஸில் கடந்து போய்விட்டு, "ரோட்ல எதுவுமே நல்லா இல்லடா" என்று புலம்புவது நியாயமே இல்லை.

சென்னையிலிருந்து தென்காசி, திரும்பும்போது நெல்லை, விருதுநகர் வழி. இந்தச் சுற்றையே எடுத்துக்கொள்கிறேன். குளிர்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாட்டுப் பாதை தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கட்சி. கொங்குக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

முதல் தவறு புறப்படும் நேரத்திலேயே நடக்கிறது. "மூணு மணிக்குக் கிளம்பினா டிராபிக் இருக்காது" என்பார்கள். இருக்காதுதான். ஆனால் மார்கழியில் மூன்று மணிக்குத் தாம்பரத்தை விட்டால், அச்சிறுபாக்கம் முதல் உளுந்தூர்பேட்டை வரை பனி அடர்ந்திருக்கும் நேரத்தில் சரியாக உள்ளே போய் மாட்டுவீர்கள். மழை முடிந்து ஏரிகள் நிறைந்து கிடக்கும், மண் ஈரமாக இருக்கும், இரவு வானம் தெளிவாகவும் காற்றில்லாமலும் இருக்கும். தரை சீக்கிரம் குளிர்ந்து, அதன்மேல் இருக்கிற ஈரக்காற்று மூடுபனியாகிவிடும். கூடவே விழுப்புரம் பக்கம் கரும்பு வெட்டும் காலம். பின்விளக்கே இல்லாத டிராக்டர், சாலையில் பாதியை அடைத்த கரும்புக்கட்டு. பனிக்குள் அது இருபதடி முன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். திண்டிவனம் தாண்டும்போது 6.40 ஆகியிருக்கும், சூரியன் 6.30 வாக்கில் எழுந்திருப்பார். பனி இருந்தாலும் வெளிச்சம் இருக்கும்.

பனிக்குள் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் மட்டும் போதும். நான்கு விளக்கையும் சிமிட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது, இண்டிகேட்டர் போட்டாலும் தெரியாது. கண்ணாடி உள்பக்கம் மங்குவது ஐந்து பேரின் மூச்சு ஈரத்தால். துணியால் துடைத்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடி மங்கும். ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனை அணையுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும். "குளிருதுடா, ஏசிய ஆஃப் பண்ணு" என்பவருக்கு ஒரு சால்வை கொடுங்கள். ரீசர்குலேஷனிலேயே மணிக்கணக்கில் ஓட்டினால் உள்காற்று கெட்டுப்போய் ஓட்டுபவருக்கே கண் சொக்கும்.

காலை ஐந்து மணிக்கும் ஏழரைக்கும் நடுவே வண்டிக்குள் இருக்க வேண்டியது வீட்டுச் சாப்பாடு. ஐந்து பேருக்கு இருபது பொடி இட்லி. இட்லி வெந்ததும் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, பிறகு நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இருபுறமும் தடவி அடுக்குங்கள். சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகச் சொட்டும், பொடி சேறாகிவிடும், மதியத்துக்குள் ஊசிப்போகும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரிலும் மூடிய காருக்குள் அதற்கு ஆயுள் குறைவு. புளியோதரை நாள் முழுக்கத் தாங்குவது புளியும் எண்ணெயும் காப்பதால். அதிலும் சாதத்தை விறைப்பாக வடித்து, ஆறவைத்து, பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கிளற வேண்டும்.

பிளாஸ்கில் பால் கலந்த டீ ஊற்றிக்கொண்டு வருபவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாலு மணி நேரத்தில் அது ஒரு வாடை அடிக்கும், பிளாஸ்கும் அந்த வாடையை மறக்காது. சுக்குமல்லி காபிதான் சரி. மல்லிவிதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 2 டீஸ்பூன், ஏலக்காய் 6. மல்லியையும் மிளகையும் லேசாக வறுத்து, தட்டிய சுக்கு, ஏலக்காயோடு பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் பொடி. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிவிட்டுச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி டம்ளரில் மண் நறநறக்கும். பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுக் காபியை ஊற்றினால் சூடு இன்னும் வெகுநேரம் நிற்கும்.

இனி என் முக்கியமான குறை. பழைய நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து, கடைத்தெருவைத் தொட்டுக்கொண்டு போனது. நான்குவழி வந்ததும் சாலை ஊரை விட்டு விலகியது, சமையல் ஊருக்குள்ளேயே தங்கிவிட்டது. சாலையோரம் புதிதாக முளைத்த இடங்களுக்கு வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது, இன்று வந்தவர் நாளை வரமாட்டார். ஊருக்குள் இருக்கிற கடைக்காரர் நேற்று சாப்பிட்டவர் முகத்தை இன்று காலையும் பார்த்தாக வேண்டும். ருசியைக் காப்பாற்றுவது அந்தப் பயம்தான். ஊருக்குள் போய்வர இருபது நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். விழுப்புரத்தில் பைபாஸை விட்டு இறங்கி ஏழரைக்குப் பொங்கல் வடை சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

"லாரி நிக்கிற கடையில் சாப்பாடு நல்லா இருக்கும்" என்று ஒரு பழைய நம்பிக்கை. லாரி நிற்பது இடம் அகலமாக இருக்கிற இடத்தில். இரண்டும் சில நேரம் ஒன்றாக அமையும், பல நேரம் அமையாது. வாசலில் உள்ளூர்ப் பதிவெண் கொண்ட டிவிஎஸ் ஐம்பதுகள் நிற்கின்றனவா, பார்சலுக்குத் தூக்குவாளியோடு ஆள் வருகிறாரா, வடை இப்போது வேகிறதா அல்லது தட்டில் மலைபோல் குவிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் பங்கில் கேட்கும்போது "நல்ல ஹோட்டல் எங்க இருக்கு?" என்று கேட்டால் பெரிய போர்டு வைத்த இடத்தைக் காட்டுவார்கள். "அண்ணே, நீங்க எங்க சாப்புடுவீங்க?" என்று கேளுங்கள். பங்கில் கழிப்பறையும் இலவசம்தான், தயங்காமல் கேட்கலாம். வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற பயத்திலேயே தோழிகள் பலர் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். குளிரில் தாகமும் தெரியாது, மாலையில் தலைவலியில்தான் தெரியும். அவர்கள் கேட்பதற்கு முன்பே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துவது மரியாதை.

ஒரு எச்சரிக்கை. கார்த்திகை முதல் மகரஜோதி வரை ஐயப்ப பக்தர்களின் வேன்கள், மார்கழி, தையில் மேல்மருவத்தூர் செவ்வாடைப் பேருந்துகள். காலை எட்டு முதல் ஒன்பதரை வரை எல்லா சைவக் கடையிலும் வரிசை நிற்கும். எட்டுக்கு முன்பே இலையில் உட்கார்ந்துவிடுங்கள். உங்கள் கூட்டத்திலேயே ஒருவர் மாலை போட்டிருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இரவு பரோட்டாவும் கோழியும் சாப்பிடப்போகிற பிரானூரில் போய் நின்றுகொண்டு "உனக்கு என்னடா வாங்குறது?" என்று கேட்கக் கூடாது. வைகுண்ட ஏகாதசியன்று திருச்சி ஊருக்குள் நுழையும் எண்ணமே வேண்டாம். தைப்பூசத்தை ஒட்டி மதுரை, திண்டுக்கல் சாலைகளில் பழனிக்கு நடப்பவர்கள் இருட்டிலும் போவார்கள், வேகத்தைக் குறையுங்கள்.

திருச்சியில் பத்தரைக்கு ஒரு டீ போதும். அங்கே யாராவது "மணப்பாறை முறுக்கு வாங்கிட்டுப் போவோம்" என்பார். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த முறுக்குதான், ஆனால் மதுரைக்குப் போகும் நான்குவழி விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாகப் போகிறது. மணப்பாறை திண்டுக்கல் சாலையில் இருக்கிறது. முறுக்கு வேண்டுமென்றால் பாதையையே மாற்ற வேண்டும்.

மதுரையில் ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு. இங்கே ஒரு விதி: ஓட்டுபவருக்குப் பிரியாணி கிடையாது. இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை உடம்பு தானாகவே தூங்கப் பார்க்கும், அதன் மேல் ஒரு மட்டன் பிரியாணியும் சுக்காவும் ஏறினால் திருமங்கலம் தாண்டுவதற்குள் ஸ்டியரிங் ஆடும். அவருக்கு அரைவயிறு சாதம், ரசம், மோர். மற்றவர்கள் கோலா உருண்டையோ குடல் குழம்போ என்ன வேண்டுமானாலும் சாப்பிடட்டும், அவர் முன்னால் கொஞ்சம் அடக்கமாக. இல்லாவிட்டால் ஆளை மாற்றுங்கள், காலையில் ஓட்டியவருக்கு இப்போது பிரியாணி. மார்கழியில் ஜிகர்தண்டா குடித்தால் சளி பிடிக்கும் என்பவரிடம் வாதாட வேண்டாம், அவர் பங்கையும் நாமே குடித்துவிடலாம்.

நாலு மணிக்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூர். பாலும் சீனியும் மட்டும் போட்டுக் கிண்டிய பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்தது. அந்தப் பெயரைப் போட்டு எந்தெந்த ஊரிலோ விற்பார்கள், இந்த ஊரில் வாங்குங்கள். லேசாக மணல்மணலாக, வெளிர்பழுப்பில் இருக்க வேண்டும். பளிச்சென்ற வெள்ளையில், சீனி நாக்கில் நெருடினால் பால் போதிய அளவு சுண்டவில்லை. சுடச்சுடக் கொடுத்தால் மூடியைத் திறந்து மடியில் வைத்து ஆறவிடுங்கள். குளிர்காலத்தில் வெளியிலேயே இரண்டு மூன்று நாள் தாங்கும், சித்திரையில் அந்தத் தைரியம் கூடாது. அளவாக, ஆளுக்குக் கால் கிலோ வாங்குங்கள். அதிகம் வாங்கினால் எல்லோரும் வண்டியிலேயே தின்று தீர்ப்பார்கள், பிறகு பரோட்டாவுக்கு வயிறு இருக்காது.

ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழி தென்காசி போய், செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் பார்டரில் ஏழரைக்கு இறங்கலாம். இங்கே பரோட்டா சிறியது, மெத்தென்று இருக்கும், கோழியில் மிளகு தூக்கலாக இருக்கும். ஐந்து பேர் ஒரே மூச்சில் இருபத்தைந்து பரோட்டா சொல்லாதீர்கள். முதலில் பன்னிரண்டு, அது தீரும்போது அடுத்தது. பரோட்டா ஆறினால் தோல்தான். கோழிக்கு ஆளுக்கொரு தட்டு வேண்டாம், ஐந்து பேருக்கு மூன்று வகை வாங்கி நடுவில் வையுங்கள். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தால்கூட இந்த இலைக்காகவே பயணம் வீண்போகாது.

திரும்பும் பயணத்தைக் காலையில் தொடங்குவது பெரும் தவறு. இந்தப் பாதையின் நல்ல தீனி எல்லாம் மாலையில்தான் சூடேறும். தென்காசியில் மூன்று மணிக்குக் கிளம்பி ஆலங்குளம் வழியே நெல்லையைச் சேர்ந்தால், நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் மட்டும் திறக்கும் அல்வாக் கடையில் வரிசை தொடங்கியிருக்கும். கோதுமைப் பாலில் கிண்டிய அல்வா குளிரில் ஓரம் வெளுத்துக் கெட்டியாகும். கெட்டுப்போனதல்ல, நெய் உறைந்தது. வாணலியில் மெதுவாகச் சூடேற்றினால் பழையபடி இளகும்.

சாலையோரத்தில் பனங்கிழங்குக் கட்டுகள் இந்தக் காலத்துக்கே உரியவை. தோலில் ஈரமண் ஒட்டிய கிழங்காக எடுங்கள், சுருங்கியது நாராக இருக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்ததையும் விற்பார்கள். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும். கருப்பட்டி வாங்குபவர்கள் கொஞ்சம் கவனம். பதநீர் கோடையில்தான் இறங்கும், எனவே மார்கழியில் கிடைப்பது பழைய சரக்கு. பளபளவென்று புத்தம்புதிதாக மின்னினால் சீனிப்பாகைச் சந்தேகியுங்கள்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயை உடைத்தால் சட்டென்று முறிய வேண்டும், இழுத்தால் பாகு பதம் தப்பியிருக்கிறது. வெல்லம் ஈரத்தை இழுக்கும், பனிக்காற்றில் திறந்து வைத்தால் காலையில் ஒரே கட்டியாகிவிடும். சாத்தூரில் காராச்சேவு. அடுத்த அரைமணியில் விருதுநகர், மணி எட்டாகியிருக்கும். அகலச் சட்டியில் எண்ணெய்க்குள் மிதந்து பொன்னிறமாகும் பரோட்டாவை இலையில் நொறுக்கிச் சால்னா ஊற்றி அந்த இடத்திலேயே சாப்பிட வேண்டும். பார்சல் கட்டினால் ஐந்து கிலோமீட்டரில் அந்த மொறுமொறுப்பு போய்விடும். அன்றிரவு மதுரையில் அறை போட்டுவிடுங்கள், எண்ணெய்ப் பரோட்டா தின்ற கையோடு சென்னை வரை யாரும் ஓட்ட வேண்டாம். காராச்சேவுப் பொட்டலத்தை மட்டும் பின்சீட்டில் கொடுக்காதீர்கள். டிக்கியில் பூட்டினால்தான் வீட்டுக்குக் கால் கிலோவாவது போய்ச் சேரும்.